படுக்கைவாட்டில் துளைத்து ஷேல் எரிவாயு எடுப்பது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் புவியியல் படித்தவன், ஊர் மன்னார்குடிப் பக்கம். அதனால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் டீக்கடையில் நின்றாலும் "அந்த ஷேல் கேஸ் என்னதான்பா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பத்து வருஷமாகக் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை எழுதி, என் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து வரும். அங்கே மார்செல்லஸ் என்ற ஷேல் அடுக்கில் 2004இலிருந்து இந்த வேலை நடக்கிறது, நல்லது கெட்டது இரண்டும் பதிவாகியிருக்கிறது.

ஷேல் கேஸ்னா தனி கேஸா? நாம எரிக்கிறது வேற, இது வேறயா?

வாயு ஒன்றுதான், பெரும்பகுதி மீத்தேன். அது இருக்கும் இடம்தான் வேறு. ஷேல் என்பது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது. மார்செல்லஸ் படிந்து சுமார் 39 கோடி வருஷம் ஆகிறது. அந்தச் சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்கள் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து வாயுவாக மாறின. அதில் ஒரு பகுதி கசிந்து மேலே ஏறி, மணற்கல் மாதிரி இடைவெளி உள்ள பாறையில் தேங்கியது. அதைத்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக எடுத்துவந்தார்கள். கசியாமல் பிறந்த பாறையிலேயே மாட்டிக்கொண்ட மிச்சம்தான் ஷேல் வாயு.

வீட்டு சிலிண்டரில் இருப்பது இது இல்லை, அது புரொப்பேனும் பியூட்டேனும். குழாய் வழியாக வீட்டுக்கு வருவதும், சிஎன்ஜி வண்டியில் நிரப்புவதும்தான் மீத்தேன்.

பாறைக்குள்ள குகை மாதிரி காலியா இருக்குமா? அதுல கேஸ் அடைச்சிருக்குமா?

இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் ஷேல் கருப்புப் பலகைக்கல் மாதிரி இருக்கும், ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வாயு கண்ணுக்கே தெரியாத நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துளைகளுக்கு இடையே வழி இல்லாததுதான் சிக்கல். நல்ல மணற்கல்லோடு ஒப்பிட்டால் ஷேலுக்குள் வாயு நகர்வது லட்சக்கணக்கான மடங்கு கஷ்டம். சும்மா ஒரு போர் போட்டால் கொஞ்சம் வரும், அத்தோடு நின்றுவிடும்.

நேரா கீழ போறதை விட்டுட்டு ஏன் படுக்க வச்சுத் துளைக்கணும்?

சேலம், கோயம்புத்தூர்ப் பக்கம் பாறைக் கிணற்றில் தண்ணீர் வற்றினால் என்ன செய்வார்கள்? கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் 'சைடு போர்' போடுவார்கள். பாறையில் இருக்கும் வெடிப்புகளைக் குறுக்கே வெட்டினால் ஊற்று கிடைக்கும் என்பது அந்த வேலை செய்கிறவர்களுக்கு எப்போதோ தெரியும். இங்கேயும் யோசனை அதேதான்.

மார்செல்லஸ் அடுக்கு பரப்பில் மிகப் பெரியது, நியூயார்க்கிலிருந்து மேற்கு வர்ஜீனியா வரை நீள்கிறது. ஆனால் பல இடங்களில் அதன் தடிமன் 15 முதல் 60 மீட்டர்தான். இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கினால், செலவெல்லாம் செய்து கடைசியில் அந்தப் பாறையைத் தொடுவது அவ்வளவுதான். அங்கேயே திரும்பி அடுக்குக்குள் படுக்கையாகப் போனால் மூன்று கிலோமீட்டர் வரை அதைத் தொட்டுக்கொண்டே போகலாம். மார்செல்லஸில் இயற்கையான வெடிப்புகள் பெரும்பாலும் செங்குத்தாக, ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுகின்றன. அதனால் துளையை அவற்றுக்குக் குறுக்காக, வடமேற்கு தென்கிழக்காக விடுவார்கள்.

இன்னொன்று, ஒரே இடத்தில் ரிக் நிறுத்தி ஆறு, எட்டு, பத்து கிணறுகளை வெவ்வேறு பக்கம் விரித்துவிடலாம். மேலே சில ஏக்கர்தான் பிடிக்கும், கீழே பல நூறு ஏக்கரிலிருந்து வாயு வரும். ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வேலியைப் பார்த்து வேலையின் அளவை எடை போட முடியாது.

இரும்பு பைப் எப்படிங்க வளையும்?

கையில் பிடித்தால் வளையாது, கிலோமீட்டர் நீளத்துக்குக் கோத்தால் வளையும். ஒரு பைப் சுமார் 9 மீட்டர். ஒவ்வொரு பைப்புக்கும் 3 டிகிரி அளவில் திரும்பினாலே 300 மீட்டருக்குள் செங்குத்து படுக்கையாகிவிடும். நுனியில் இருக்கும் மோட்டாரின் உறையில் லேசான கோணல் உண்டு. மேலிருந்து அழுத்தி அனுப்பும் சேற்று நீர் அந்த மோட்டாரைச் சுழற்றும். மொத்தப் பைப்பையும் சுழற்றாமல் நுனியை மட்டும் ஓடவிட்டால், கோணல் எந்தப் பக்கமோ துளை அந்தப் பக்கம் திரும்பும்.

ரெண்டு கிலோமீட்டர் கீழ எங்க போகுதுன்னு மேல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

நுனிக்குப் பின்னாலேயே அளவுக்கருவிகள் இருக்கின்றன. அவை சாய்வையும் திசையையும் அளந்து, அதே சேற்று நீரில் அழுத்தத் துடிப்புகளாக மேலே அனுப்பும். வயர் கிடையாது, நாடித் துடிப்பு மாதிரிதான். கூடவே பாறையின் இயற்கைக் கதிர்வீச்சையும் அளப்பார்கள். கரிமப் பொருள் அதிகமுள்ள ஷேலில் யுரேனியம் கொஞ்சம் கூடுதல், ஆகவே அளவு ஏறினால் அடுக்குக்குள் இருக்கிறோம், இறங்கினால் வெளியே போய்விட்டோம் என்று தெரியும். (இந்தக் கதிர்வீச்சு விஷயத்தை மறக்க வேண்டாம், கழிவுநீர்க் கேள்வியில் திரும்ப வரும்.)

படுக்கைத் துளையும் ஃப்ராக்கிங்கும் ஒண்ணுதானே?

இல்லை, இரண்டும் தனித்தனி வேலைகள். துளைப்பது ரிக்கின் வேலை, சில வாரங்களில் முடிந்துவிடும். துளைக்குள் இரும்பு கேசிங் இறக்கி, அதற்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் நிரப்பிய பிறகு ரிக் போய்விடும். அதன் பின் வேறு ஆட்கள் வந்து ஃப்ராக்கிங் செய்வார்கள்.

படுக்கைத் துளையின் கடைக்கோடியிலிருந்து தொடங்கி, கேசிங்கில் சிறிய வெடிகளால் ஓட்டை போட்டு, தண்ணீரையும் மணலையும் பயங்கர அழுத்தத்தில் செலுத்துவார்கள். சதுர அங்குலத்துக்கு 8,000, 9,000 பவுண்டு வரை போகும். பாறை மயிரிழை அளவுக்கு விரியும். அழுத்தம் எடுத்ததும் விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுக்கும். அந்தப் பகுதியை அடைத்துவிட்டு 50, 60 மீட்டர் பின்னால் வந்து மறுபடியும் அதையே செய்வார்கள். ஒரு கிணற்றுக்கு இப்படிப் பல பத்துத் தடவை.

இதை அமெரிக்காக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சானா?

துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாமே பழசு. நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியாவில் 1821இலேயே வில்லியம் ஹார்ட் என்பவர் ஷேலில் ஆழமில்லாத கிணறு தோண்டி வாயு எடுத்தார். பாறையை அழுத்தத்தால் பிளக்கும் முதல் சோதனை 1947இல் கான்சாஸில் நடந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசும் ஷேல் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது, இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

திருப்பம் டெக்சாஸின் பார்னெட் ஷேலில் வந்தது. ஜார்ஜ் மிச்சல் என்பவரின் நிறுவனம் 1981இல் அங்கே முதல் கிணறு போட்டு, பதினேழு வருஷம் நஷ்டத்தோடு மல்லுக்கட்டி, 1998இல்தான் பாறையைப் பிளக்கக் கெட்டியான ஜெல்லுக்குப் பதிலாக வெறும் தண்ணீரும் கொஞ்சம் வழுக்கும் பொருளும் போதும் என்று கண்டது. 2002இல் அந்த நிறுவனத்தை டெவான் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கிப் படுக்கைத் துளையையும் சேர்த்ததும் கணக்கே மாறிவிட்டது. 2000இல் அமெரிக்க வாயு உற்பத்தியில் ஷேலின் பங்கு மிகச் சொற்பம், இன்று ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு.

ஒரு கிணத்துக்கு எவ்வளவு தண்ணி போகும்? என்ன கெமிக்கல் கலக்குறாங்க?

துளையின் நீளத்தைப் பொறுத்து 1.5 கோடி லிட்டரிலிருந்து 4 கோடி லிட்டர் வரை, சில இடங்களில் அதற்கும் மேல். 2 கோடி என்றே வைத்தாலும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 1,600 லோடுக்கு மேல். ஒரு கிணற்றுக்கு இவ்வளவு. பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆறு ஓடுகிறது, வருஷம் முழுக்க மழையும் பனியும் உண்டு. அப்படியிருந்தும் வறண்ட நாட்களில் தண்ணீர் எடுக்க அங்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

கலப்பதில் தண்ணீரும் மணலும் போக மிச்சம் பொதுவாக அரை சதவீதம்தான். உராய்வைக் குறைக்க ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, துரு பிடிக்காமல் இருக்க ஒன்று, அப்புறம் ஆரம்பத்தில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அரை சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 2 கோடி லிட்டரில் அது 1 லட்சம் லிட்டர். 2005இல் அமெரிக்கா கொண்டுவந்த எரிசக்திச் சட்டம் டீசல் தவிர மற்ற ஃப்ராக்கிங் திரவங்களுக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்தல் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறைக்க ஒன்றுமில்லை என்றால் விலக்கு எதற்கு?

அந்த விரிசல் அப்படியே மேல ஏறி வந்து நம்ம குடிதண்ணியில கலந்துடாதா?

எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் நடக்க வாய்ப்பு மிகக் குறைந்த வழியும் இதுதான். பாறை பிளக்கும்போது எழும் நுண் அதிர்வுகளை வைத்து விரிசல் எவ்வளவு உயரம் ஏறியது என்று ஆயிரக்கணக்கான இடங்களில் அளந்திருக்கிறார்கள். பெரும்பாலானவை நூறு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும், மிக உயரமானதே 600 மீட்டருக்குள்தான். மார்செல்லஸ் இருப்பது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், வீட்டுக் கிணறுகளோ நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள். நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை கிடக்கிறது.

ஆனால் 'அப்போ தண்ணீருக்கு ஆபத்தே இல்லை' என்று கம்பெனிக்காரர்கள் இதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். அங்கேதான் நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஆபத்து வரும் வழி வேறு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ தண்ணிக் குழாயில நெருப்பு பத்துற வீடியோ எல்லாம் பொய்யா?

எல்லாம் பொய் இல்லை, எல்லாம் ஃப்ராக்கிங்கால் வந்ததும் இல்லை. வடகிழக்குப் பென்சில்வேனியாவில் நிலத்தடி நீரில் மீத்தேன் இயற்கையாகவே உண்டு, வாயு நிறுவனங்கள் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் 2011இல் டியூக் பல்கலைக்கழகத்தார் அந்தப் பகுதியில் 60 குடிநீர்க் கிணறுகளில் மீத்தேனை அளந்தபோது, வாயுக் கிணறுகள் இயங்கும் இடங்களில் சராசரி 17 மடங்கு கூடுதலாக இருந்தது. ஃப்ராக்கிங் திரவம் கலந்ததற்கு அவர்களுக்கு அடையாளம் கிடைக்கவில்லை. பின்னால் 2014இல் வந்த ஆய்வு, வாயு ஏறியது பழுதான கேசிங், சிமென்ட் வழியாக என்று காட்டியது.

ஆக நம் கவனம் போக வேண்டியது மேல் 300 மீட்டருக்கு. குடிநீர் அடுக்கைத் தாண்டித்தான் எந்தக் கிணறும் கீழே போயாக வேண்டும். அங்கே சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், நடு அடுக்குகளில் இருக்கும் வாயு பைப்பின் வெளிப்பக்கமாகவே ஏறி வந்துவிடும். டிமோக் என்ற சிற்றூரில் 2009ஆம் வருஷப் பிறப்பன்று ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்தது. அங்கே துளைத்த நிறுவனம் பல வருஷ வழக்குக்குப் பிறகு 2022இல் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, அந்த மக்களுக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் போடும் செலவை ஏற்றது. நடுவில் போன பதின்மூன்று வருஷமும் அவர்களுக்குப் புட்டித் தண்ணீரும் டேங்க் தண்ணீரும்தான்.

உள்ள விட்ட தண்ணி திரும்ப வெளிய வருமாமே, அதை என்ன பண்றாங்க?

விட்டதில் ஒரு பகுதி திரும்பி வரும், கூடவே பாறையில் இருந்த பழைய உப்பு நீரும் வரும். மார்செல்லஸில் அது கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பு. பேரியம், புரோமைடு, ரேடியம் எல்லாம் அதில் கரைந்திருக்கும். மேலே யுரேனியம் என்றேனே, ரேடியம் அதன் வழியில் வந்ததுதான். என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்திலும் மோசமான பகுதி இதுதான்.

ஆரம்பத்தில் பென்சில்வேனியாவில் இதை ஊர்ச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். உப்பைப் பிரிக்கும் வசதி அங்கே கிடையாது, அப்படியே ஆற்றில் போனது, அதே ஆற்றிலிருந்துதான் கீழே இருக்கும் ஊர்கள் குடித்தன. 2011இல் மாநில அரசு நிறுத்தச் சொன்னது, 2016இல் மத்திய அரசே தடை போட்டது. இப்போது பெரும்பகுதியை அடுத்த கிணற்றின் ஃப்ராக்கிங்குக்கு மறுபடி பயன்படுத்துகிறார்கள், மிச்சம் லாரியில் ஒஹாயோவுக்குப் போய் ஆழக் கிணறுகளில் செலுத்தப்படுகிறது. மறுபயன்பாடு நல்ல முன்னேற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதுக் கிணறு போட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்த வழி ஓடும், துளைப்பது நின்ற பிறகும் பழைய கிணறுகள் உப்பு நீரைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

பூமியைப் பிளந்தா நிலநடுக்கம் வருமா?

ஃப்ராக்கிங்கே உணரும்படியான அதிர்வைக் கொடுத்ததும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷையரில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவில் ஒன்று வந்தது, சில மாதங்களில் அரசு வேலையை நிறுத்திவைத்தது. ஆனால் பெரிய அதிர்வுகள் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதால் வந்தவை. ஓக்லஹோமாவில் 2008 வரை 3 அளவுக்கு மேற்பட்ட நடுக்கம் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான், 2015இல் மட்டும் சுமார் 900. 2016 செப்டம்பரில் பாவ்னீ என்ற ஊரில் 5.8. செலுத்தும் அளவைக் குறைத்ததும் நடுக்கங்களும் குறைந்தன, காரணம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஓக்லஹோமாவில் செலுத்தியதில் பெரும்பகுதி எண்ணெயோடு இயல்பாக வந்த உப்பு நீர், ஃப்ராக்கிங்கில் திரும்பி வந்தது குறைவு.

பக்கத்துல குடியிருக்கிறவங்க உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் மாநில அரசின் பணத்தில் தென்மேற்குப் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. வாயு எடுக்கும் கட்டத்தில் கிணறுகளுக்கு அருகில் இருந்த ஆஸ்துமாக்காரர்களுக்கு நோய் கடுமையாவதோடு வலுவான தொடர்பு தெரிந்தது. ஒரு மைலுக்குள் வசித்த குழந்தைகளுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்புக் கூடுதல் என்றும் கண்டார்கள், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிவதும் காரணம் நிரூபணமாவதும் ஒன்றில்லை. ஆனால் அந்த வீட்டில் என் பிள்ளை இருந்தால் நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

என் நிலத்துக்கு அடியில பைப் போனா எனக்குப் பணம் வருமா?

அமெரிக்காவில் வரும், கனிம உரிமை உங்களிடம் இருந்தால். அங்கே நிலத்தடிச் சொத்தைத் தனியாக விற்கலாம், அதனால் மேல் நிலம் ஒருவருக்கும் அடிநிலம் வேறொருவருக்கும் இருப்பது சகஜம். பென்சில்வேனியாவில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி கொடுக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. ராயல்டியில் கடன் அடைத்த பால்பண்ணைக்காரர்களும் அங்கே உண்டு, செலவு என்று சொல்லி ராயல்டியில் பிடித்தம் செய்து ஒன்றுமில்லாமல் அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

நம் நாட்டில் எண்ணெய், வாயு எடுக்க உரிமம் கொடுப்பது அரசு. ராயல்டி அரசுக்குப் போகும், உங்களுக்குக் கிடைப்பது மேல் நிலத்துக்கான குத்தகையும் இழப்பீடும்தான். அங்கே ஊரில் பாதிப் பேராவது ஆதரிக்கிறார்கள், இங்கே ஏன் எல்லோரும் எதிர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஒரு கிணறு எத்தனை வருஷம் ஓடும்?

இருபது, முப்பது வருஷம் என்பார்கள், ஆனால் முதல் வருஷத்திலேயே உற்பத்தி பாதிக்கு மேல் விழுந்துவிடும். அதனால்தான் துளைப்பது நிற்பதே இல்லை. கடைசியில் சிமென்ட் போட்டு மூட வேண்டும். பென்சில்வேனியாவில் 1859இல் டிட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு போட்ட காலத்திலிருந்து மூடாமல் கைவிட்டவை இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன.

நிலக்கரியை விட இது சுத்தம்தானே?

எரிக்கும் இடத்தில் சுத்தம்தான். ஒரே அளவு மின்சாரத்துக்கு வெளிவரும் கரியமில வாயு ஏறக்குறையப் பாதி, சாம்பல் கிடையாது, பாதரசம் கிடையாது. 2016இல் அமெரிக்க மின் உற்பத்தியில் வாயு நிலக்கரியைத் தாண்டியது, அதனால் அங்கே கரியமில வாயு குறைந்தது உண்மை.

ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் இருபது வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அமெரிக்காவில் எடுக்கும் வாயுவில் 2.3 சதவீதம் கசிகிறது என்றது, அரசின் கணக்கைவிட அது 60 சதவீதம் கூடுதல். கசிவை அடைக்காமல் 'சுத்தம்' என்று சொல்லக் கூடாது.

மன்னார்குடி மீத்தேன், நெடுவாசல் ஹைட்ரோகார்பன், ஷேல் எல்லாம் ஒண்ணுதானே? பேரை மாத்தி மாத்திக் கொண்டுவர்றாங்க?

மூன்றும் வேறு. 2010இல் ஒப்பந்தமான மன்னார்குடித் திட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேன். அதில் முதலில் நிலக்கரி அடுக்கின் தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும், டெல்டாவில் அது நேரடியாக நிலத்தடி நீர்ப் பிரச்சினை. 2017இல் போராட்டம் நடந்த நெடுவாசல், முன்பே கண்டறிந்த சிறிய எண்ணெய், வாயு வயல் ஒன்றை அரசு ஏலம் விட்டதில் வந்தது. ஷேல் இன்னும் ஆழத்தில், ஆண்டிமடம், சாத்தப்பாடி என்று பெயரிட்ட அடுக்குகளில் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் தகவல் துறையின் 2013 மதிப்பீட்டில் காவிரிப் படுகையும் உண்டு. ஆனால் பெயர் வேறு என்பதால் மக்களின் சந்தேகம் தப்பாகிவிடாது, ஒரே உரிமத்தில் எல்லா வகையும் எடுக்கலாம் என்று விதி வந்த பிறகு அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது.

2020ல சட்டம் போட்டாச்சே, எல்லைக்கு வெளிய ரிக்கை நிறுத்தி உள்ள படுக்கையா விட்டா?

நல்ல கேள்வி, படுக்கைத் துளையைப் புரிந்துகொண்டவர்தான் இதைக் கேட்க முடியும். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் புதிதாக எண்ணெய், வாயு, ஷேல் வாயு எடுப்பதைத் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது நிறுத்தவில்லை. எல்லைக்கு வெளியே நின்றால் மேலே சொன்ன மூன்று கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே எட்டலாம், ஆகவே எல்லையோர ஊர்கள் இதைச் சட்டசபை உறுப்பினரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன்: டெல்டாவில் இது வேண்டாம். தண்ணீர் தரை மட்டத்துக்கு அருகில், ஊர்கள் நெருக்கம், கழிவுநீர் கொட்ட இடமில்லை, கர்நாடகத் தண்ணீருக்கே வருஷா வருஷம் வழக்கு.

நாம பயன்படுத்துற கேஸ்ல அமெரிக்க ஷேல் கேஸ் இருக்கா?

இருக்கிறது. கெயில் நிறுவனத்துக்கு லூயிசியானாவின் சபைன் பாஸ் முனையத்திலிருந்து வருஷத்துக்கு 35 லட்சம் டன், மேரிலாந்தின் கோவ் பாயிண்டிலிருந்து 23 லட்சம் டன் என்று நீண்டகால ஒப்பந்தம், 2018இலிருந்து கப்பல்கள் வருகின்றன. கோவ் பாயிண்டுக்கு வாயு பெரும்பாலும் மார்செல்லஸ் பக்கமிருந்து வருவது. நாம் வேண்டாம் என்பதை வேறொரு ஊர் சுமக்கிறது என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள், அதற்கு என்னிடம் மறுப்பில்லை.

கம்பெனிக்காரன் ஊருக்கு வந்தா முதல்ல என்ன கேக்கணும்?

'விரிசல் மேலே வருமா' என்று கேட்காதீர்கள், வராது என்று படம் போட்டுக் காட்டி முடித்துவிடுவார்கள். குடிநீர் அடுக்கைத் தாண்டி எத்தனை மீட்டர் வரை கேசிங், சிமென்ட் பிடித்ததைச் சோதித்த பதிவை ஊராட்சிக்குக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். திரும்பி வரும் உப்பு நீர் எந்த லாரியில் எங்கே போகும், கிணற்றை மூடும் பணத்தை முன்கூட்டியே கட்டுவீர்களா என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் கிணற்றுத் தண்ணீரை இப்போதே சோதித்து மீத்தேன், உப்பு, பேரியம் அளவோடு சீட்டு வாங்கி வையுங்கள். பென்சில்வேனியாவின் 2012 சட்டப்படி வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த ஒரு வருஷத்துக்குள் குடிநீர் கெட்டால் பொறுப்பு நிறுவனத்துடையது என்றே எடுத்துக்கொள்வார்கள், தான் காரணமில்லை என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும். அதனால் அங்கே நிறுவனங்களே முன்கூட்டி வந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்கின்றன. நம் ஊரில் நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும், அந்தச் சீட்டு இல்லாமல் போனால் கையில் ஒன்றும் இருக்காது.